செமி ஆட்டோ தோட்டாத் துப்பாக்கி சிக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் தோப்புக்காரர்கள்தான் அதிகம். பெரும்பாலும் ரெட்டைக்குழல், அப்பா வாங்கியது. சிலரிடம் செமி ஆட்டோவும் (ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்வது) இருக்கிறது. இவர்கள் போக, இங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறி, குளிர்காலம் வந்தால் அங்கே வாத்து வேட்டைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள். "முதல் தோட்டா வெடிச்சுதுங்க, ரெண்டாவது சிக்கிக்கிச்சு" என்ற புகார் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. துப்பாக்கி ரிப்பேர்ப் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: நம் பக்கம் வாத்து சுடலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த புதிதில் சிறு வேட்டைக்கென்று தனி லைசென்ஸ் உண்டு. பெரியவர்கள் சொல்லும் வேட்டைக் கதையெல்லாம் அந்தக் காலத்தவை. 1991 திருத்தத்தில் அது போய்விட்டது. மார்கழியில் வாளையாறு அணையிலோ திருச்சூர் கோள் நிலத்திலோ வந்து இறங்கும் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் தொலைநோக்கியில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கேரளாவில் இப்போது தோட்டாத் துப்பாக்கிக்கு வேலை வருவது காட்டுப்பன்றியால். பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தை 2022-ல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் உள்ள லைசென்ஸ்காரர், பஞ்சாயத்து சொன்ன பிறகே சுட வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், ஏற்பாடே வேறு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை மட்டும், அதுவும் வனத்துறையே சுடும். உங்கள் தோப்பு எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்; இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

துப்பாக்கி சிக்கியதும் கை முதலில் எதைச் செய்ய வேண்டும்?

விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். குழல் வாய் ஆளில்லாத பக்கம் நோக்கியிருக்கட்டும். சேஃப்டி போடுங்கள். சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க பாரு மாப்ளே" என்று திரும்பி அடுத்தவருக்குக் காட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். திரும்பும்போது குழலும் கூடவே திரும்புகிறது.

விசை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டை (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் கட்டை) இழுக்காதீர்கள். கேப் (தோட்டாவின் அடியில் ஊசி தட்டும் பொட்டு) தாமதமாகப் பற்றி, சில நொடி கழித்து வெடிப்பது உண்டு. 30 நொடி அப்படியே பிடித்திருந்துவிட்டு, முகத்தை விலக்கி வைத்துத் திறங்கள். அப்புறம் மேகசின் குழாயில் வரிசையாகக் காத்திருக்கும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கடைசியாகக் குழலை வெளிச்சத்துக்கு நேராக, பின்பக்கமிருந்து பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால்தான் மற்ற வேலை.

கத்தி முனை, திருப்புளி, சாவி எதையும் உள்ளே விட்டு நெம்பக் கூடாது. கேப் மேல் முனை பட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதைக் கேட்டாலும் "தோட்டா எங்கே நின்னுது?" என்று திருப்பிக் கேட்கிறீர்களே, ஏன்?

பாதிப் பதில் அதில் இருக்கிறது. செமி ஆட்டோ ஒரு சுற்றில் செய்யும் வேலைகள் வரிசையானவை: வெடித்த தோட்டாவைச் சேம்பரிலிருந்து (குழலடியில் தோட்டா உட்காரும் அறை) பிடுங்க வேண்டும், வெளியே தட்டிவிட வேண்டும், புதியதை மேகசினிலிருந்து விடுவித்து மேலே தூக்க வேண்டும், உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். எந்த இடத்தில் நின்றதோ அதற்கு முந்திய வேலையில்தான் கோளாறு. இதைப் பார்க்காமல் படபடவென்று போல்ட்டை இழுத்துத் தோட்டாவைக் கீழே கொட்டிவிட்டால், தடயத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காலித் தோட்டா சேம்பருக்குள்ளேயே இருக்கிறது, போல்ட் மட்டும் பின்னால் வந்துவிட்டது என்றால், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை உடைந்திருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் சேம்பரில் துரு. தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். கொக்கி கவ்விய இடத்தில் விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி நன்றாக இருக்கிறது, சேம்பர்தான் விடவில்லை. விளிம்பில் கீறலே இல்லையென்றால் கொக்கி கவ்வவே இல்லை.

காலித் தோட்டா பாதி வெளியே நீட்டிக்கொண்டு போல்ட்டில் நசுங்கி நின்றால், பிடுங்கும் வேலை முடிந்துவிட்டது, தட்டிவிட வேகம் போதவில்லை. வலுக்குறைந்த தோட்டா, அடைத்த வாயுத்துளை (வாயு வகையில் மட்டும், கீழே சொல்கிறேன்), கெட்டியான எண்ணெய் என்று இந்த வரிசையில் தேடுங்கள். தட்டிவிடும் எஜெக்டர் உடைந்தும் இப்படி ஆகும், ஆனால் அது அபூர்வம்.

காலித் தோட்டா சுத்தமாகப் போய்விட்டது, புதியது வரவில்லை: மேகசின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும், அல்லது குழாயில் நசுங்கல் இருக்கும். நெல்லிக்காய் அளவு நசுங்கல் வேண்டாம், நகக்கண் அளவு போதும், உள்ளே இருக்கும் தள்ளுகட்டை அங்கேயே நின்றுவிடும். இரண்டு தோட்டா ஒன்றாக வந்து தூக்கியின் அடியில் மாட்டிக்கொண்டால் மேகசின் வாயில் உள்ள தடுப்பு தேய்ந்திருக்கிறது. இது பட்டறை வேலை.

புதிய தோட்டா முக்கால்வாசி உள்ளே போய், போல்ட் ஒரு விரற்கடை மூடாமல் நிற்கிறதா? அடுத்த இரண்டு கேள்வியும் உங்களுக்குத்தான்.

"க்ளிக்" என்று சத்தம் வருதுங்கண்ணா, வெடிக்கலை. தோட்டாவை மாத்தியும் அதேதான்.

வெளியே எடுத்த தோட்டாவின் கேப்பைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் தோட்டா கெட்டது. குழி மிக லேசாக இருந்தாலோ, குழியே இல்லாமல் இருந்தாலோ துப்பாக்கிப் பக்கம் கோளாறு. ஊசி ஓடும் துளையில் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டு ஊசியைத் தடுத்திருக்கலாம்.

சுழலும் போல்ட் தலை உள்ள துப்பாக்கிகளில், முக்கியமாக பெனெல்லி கம்பெனி வகையில், இன்னொரு காரணம் உண்டு. மறைவில் உட்கார்ந்திருப்பவர் சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல மெல்ல மூடுகிறார். பார்க்க மூடியது போலவே இருக்கும். உள்ளே போல்ட் தலை முழுதாகச் சுழன்று பூட்டியிருக்காது. வாத்து தலைக்கு மேலே வரும், விசையை அழுத்தினால் க்ளிக். நிமிர்த்தித் தோளில் தொங்கப்போட்டு நடக்கும்போது போல்ட் கைப்பிடி எதிலாவது இடித்துக் கொஞ்சம் பின்னால் வந்தாலும் இதே கதைதான். மருந்து: போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து விட்டுவிடுங்கள். அது தானே அடித்துக்கொண்டு மூடட்டும். சத்தத்துக்குப் பயந்தால், காத்திருக்கும் இடத்துக்குப் போனதும் முதலிலேயே அந்தச் சத்தத்தைச் செய்துவிடுங்கள்.

போல்ட் கடைசி வரைக்கும் வர மாட்டேங்குது. கையால் தட்டினால் மூடுது.

காலியான துப்பாக்கியில் போல்ட்டைப் பாதி இழுத்து விட்டுப் பாருங்கள். சட்டென்று மூட வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால், போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். பல மாடல்களில் அது பின்கட்டைக்குள், ஒரு குழாயில் இருக்கிறது. கண்ணில் படாது, ஆகவே யாரும் திறப்பதும் இல்லை. மழையில் நனைந்த துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் தண்ணீர் இறங்கிச் சேரும் இடமும் அதுவே. அப்படி வந்த ஒரு துப்பாக்கியில் பின்கட்டையைக் கழற்றியபோது, முதலில் ஒரு கரண்டி காப்பி நிறத் தண்ணீர் வழிந்தது. அப்புறம் ஸ்பிரிங் மூன்று துண்டாக வந்தது. வெளியே குழல் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார் அந்த மனிதர்.

நனைந்த துப்பாக்கியை வாய் கீழாகச் சாய்த்து உலர விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

என்னுடையது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்கைக் கட்டையைக் கழற்றுங்கள். குழலின் அடியில் ஒரு வளையமும், அதற்குள் குழலைத் துளைத்த சிறு ஓட்டைகளும், பிஸ்டனும் இருந்தால் வாயு வகை. வெடிக்கும்போது கொஞ்சம் வாயு அந்த ஓட்டை வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும். ரெமிங்டன் 1100 இந்த வகை, 1963-ல் வந்தது. இதில் கரி சேரும். சேர்ந்தால் ஓட்டை சுருங்கும், வேகம் குறையும். பிஸ்டனும் வளையங்களும் கழற்றிய வரிசையிலேயே, அதே திசையில் திரும்பப் போக வேண்டும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த மறுநாளே சிக்க ஆரம்பித்தால் வளையத்தைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள், அல்லது ரப்பர் வளையத்தை மேஜையில் மறந்திருப்பீர்கள்.

ஓட்டையே இல்லை, குழலைக் கையால் பின்னுக்கு அழுத்தினால் குழல் முழுதும் உள்ளே நகர்கிறது என்றால் பழைய பிரௌனிங் ஆட்டோ-5 போன்றது. அந்த மாடல் 1902 வாக்கில் தயாரிப்புக்கு வந்தது. இதில் மேகசின் குழாய் மேல் உராய்வு வளையம் உண்டு. கனமான தோட்டாவுக்கு வளையம் ஸ்பிரிங்கின் முன்பக்கம், லேசான தோட்டாவுக்குப் பின்பக்கம். மாறிப்போனால் ஒன்று தோட்டா வெளியேறாது, இல்லை ஒவ்வொரு வெடிக்கும் கட்டை அடிவாங்கிப் பிளக்கும்.

ஓட்டையும் இல்லை, குழலும் நகரவில்லை என்றால் இனர்ஷியா வகை. துப்பாக்கி முழுதும் பின்னால் உதைக்கும், கனமான போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், நடுவில் உள்ள தடித்த ஸ்பிரிங் சுருங்கி விரியும். ஆக, உதை வந்தால்தான் இது ஓடும். டார்ச், தோட்டாப் பட்டை என்று துப்பாக்கி மேலேயே எடையை ஏற்றினால், பின்கட்டையை மரத்தில் முட்டுக்கொடுத்துச் சுட்டால், வலுக்குறைந்த தோட்டா போட்டால் நின்றுவிடும். கரி சேராத சுத்தமான வகை என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரே துப்பாக்கி, ஒரு பெட்டித் தோட்டா ஓடுது, இன்னொரு பெட்டி சிக்குது. துப்பாக்கிக்கு ரோஷமா?

தோட்டாவைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நாம் பெரும்பாலும் வாங்குவது புனே பக்கம் கட்கி ஆலையின் சக்திமான் தோட்டா. 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) என்று எழுதியிருந்தாலும் 65 மில்லி, 70 மில்லி என்று நீளம் இரண்டு. 70 அல்லது 76 மில்லி சேம்பருக்கான செமி ஆட்டோவில் 65 போட்டால் வெடிக்கும். ஆனால் பல துப்பாக்கிகளில் சுற்று முழுமையாக ஓடாது. மறுபக்கம் இன்னும் ஆபத்து. பழைய 65 மில்லி ரெட்டைக்குழலில் 70 மில்லித் தோட்டா சொகுசாக உள்ளே போய்விடும், ஏனென்றால் 70 என்பது வாய் விரிந்த பிறகு உள்ள நீளம், வாய் மூடியிருக்கும்போது அது குட்டை. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழல் அடியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். குழலைத் தனியாகக் கழற்றிச் செங்குத்தாகப் பிடித்து, தோட்டாவைச் சேம்பரில் நழுவ விடுங்கள். டொக் என்று தன் எடையிலேயே போய் உட்கார வேண்டும். கவிழ்த்தால் தானே விழ வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அந்தத் தோட்டா செமி ஆட்டோவுக்கு ஆகாது. பரணில் கிடந்து ஈரம் ஏறி உப்பியது, பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்தது, அடிபட்டு விளிம்பு நெளிந்தது எல்லாம் இதில் மாட்டும். நல்ல தோட்டாவும் மாட்டினால் சேம்பரில் துரு. 12 போர் பித்தளை பிரஷ்ஷில் மிக நைசான எஃகுப் பஞ்சைச் சுற்றித் திருகித் துடைக்கலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

வெடித்த தோட்டா சேம்பரில் ஒட்டிக்கொண்டது. குழல் வாய் வழியாகக் கம்பி விட்டுத் தள்ளலாமா?

அது வெடித்த தோட்டா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்திருந்தால், துப்புரவுக் கம்பியால் மெல்லத் தட்டலாம். வெடிக்காத தோட்டா என்றால் எக்காரணம் கொண்டும் கம்பி விடாதீர்கள், பட்டறைக்கு ஆள் அனுப்புங்கள்.

என்ன எண்ணெய் போடுவது? தேங்காய் எண்ணெய் போடறோமுங்க, வீட்டிலேயே ஆட்டினது.

ஆட்டின எண்ணெய் தோசைக்குப் போகட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். தை மாத விடியலில் பாட்டில் கல்லாக நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போல்ட்டுக்குள்ளும் அது அப்படித்தான் நிற்கும். வெயில் வந்ததும் உருகிவிடுவதால், மத்தியானம் பட்டறைக்குக் கொண்டுவந்தால் துப்பாக்கி ஒழுங்காக ஓடும், "அண்ணன் கைராசி" என்று பெயர் வரும். உறையாவிட்டாலும் தாவர எண்ணெய்கள் நாள்பட்டுப் பிசினாகும். நல்லெண்ணெயும் சேர்த்தி.

துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு சொட்டு மட்டும் விடுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும், நின்று வழுக்கும் எண்ணெய் அது கிடையாது. தோட்டாக்கள் பக்கத்தில் எதையும் பீச்சியடிக்காதீர்கள்.

அளவு இன்னும் முக்கியம். நம் கிழக்குப் பக்கம் கரிசல் மண். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தையில் புழுதியைத் தூக்கிக்கொண்டு வரும். எண்ணெய் வழியும் போல்ட்டில் அந்தப் புழுதி படிந்தால் அரைத்த மசாலா. விரலால் தொட்டால் பளபளப்பு தெரிய வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது.

தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். உறைபனியில் காலையில் முதல் வெடிக்கே சிக்குதாம்.

அர்கன்சாவில் ஸ்டட்கார்ட் சுற்றுவட்டாரம் நம் பாலக்காடு மாதிரி நெல் பூமி. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி வாத்துக்கு விடுவார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரில் கெட்டியான எண்ணெய் பசையாகும். கடையில் புதுத் துப்பாக்கியோடு வரும் பாதுகாப்பு மசகையே துடைக்காமல் எடுத்துப் போகிறவர்கள் அதிகம். முழுக்கக் கழுவிவிட்டு, குளிருக்கான மெல்லிய எண்ணெய் லேசாகப் போட்டால் போதும். சூடான வீட்டிலிருந்து குளிருக்கும், குளிரிலிருந்து வீட்டுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் உள்ளே வியர்த்து, மறுநாள் அது பனியாகும்.

அங்கே 1991 முதல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் கூடாது, எஃகு மாதிரி நஞ்சில்லாதவைதான். குளத்தடியில் கிடக்கும் ஈயத்தை வாத்து கல்லென்று விழுங்கிச் செத்ததால் வந்த விதி. எஃகுத் தோட்டாவைப் பழைய இறுக்கமான வாய்க் குழலில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மலிவு பெட்டிகளின் அடிப்பூண் பித்தளையாக இல்லாமல் பூச்சுப் போட்ட இரும்பாக இருக்கும். விரிந்தால் சுருங்காமல் சேம்பரில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இடம்பெயரும் பறவை வேட்டையில் மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பதால் மேகசினில் ஒரு குச்சி அடைத்திருப்பார்கள். அது உடைந்தோ கோணலாகவோ இருந்தாலும் தோட்டா வராது.

துப்பாக்கி வரப்பிலிருந்து சேற்றில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டுச் சுடலாமா?

குழலுக்குள் பார்க்காமல் கூடாது. வாயில் அரை விரல் சேறு போதும், குழல் பிளக்க. சேறே படாமல் சுவரில் தொங்கிய துப்பாக்கியிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும், நம் ஊரில் இது சகஜம்.

"டமார்" என்று வராமல் "புஸ்" என்று வந்தது. அடுத்ததைப் போடலாமா?

போடாதீர்கள். தோட்டாவின் தக்கை குழல் நடுவில் நின்றிருக்கலாம். செமி ஆட்டோவில் ஆபத்து கூடுதல், அடுத்த தோட்டா தயாராக இருப்பதால் விரல் தானாக அழுத்திவிடும். சத்தமோ உதையோ குறைந்தால் நிறுத்திக் குழலைப் பாருங்கள். வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சேம்பருக்கு முன்னால் நிற்கும், சேம்பர் காலி போலத் தெரியும், பின்னாலேயே 12 போரும் போகும். வெளிநாட்டில் 20 போருக்கு மஞ்சள் கூடு என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

இவ்வளவு வம்பு எதற்கு, ரெட்டைக்குழலே போதாதா?

பன்றிக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு குழல், இரண்டு வெடி, மடக்கினால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். ராத்திரி தோப்பில் நாலு பேர் டார்ச்சோடு நிற்கும் இடத்தில் அது பெரிய விஷயம். பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்கள் கையிலும் மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள துப்பாக்கிதான்.

ரிப்பேருக்குக் கோயமுத்தூர் கொண்டுபோகலாமா? பக்கம்தானே.

பக்கம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. லைசென்சில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். கேரளா மட்டும் என்றிருந்தால் வேலந்தாவளம் தாண்டக் கூடாது. பழுது பார்ப்பவரிடமும் அதற்கான லைசென்ஸ் இருக்க வேண்டும், லேத் பட்டறையில் கொடுப்பது இருவருக்கும் வம்பு. குழலைக் குட்டையாக்கித் தரச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம், அது தனிக் குற்றம். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்க வேண்டி வந்தால், கொடுப்பதற்கு முன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுங்கள்; திரும்பக் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், துணி உறைக்குள் ஈரம் நிற்கும்.

பட்டறைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

லைசென்ஸ். சிக்கிய காலித் தோட்டாக்கள், விளிம்பு நெளிந்தது உட்பட. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதே பெட்டியில் மிஞ்சிய தோட்டாவைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுவாருங்கள். எத்தனையாவது வெடியில் நின்றது, தோட்டா எங்கே நின்றது, அன்றைக்கு மழையா வெயிலா என்பதைச் சொல்லுங்கள். முந்தின ராத்திரி உட்கார்ந்து துப்பாக்கியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டாம். கரி எங்கே படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்று எனக்குப் பார்க்க வேண்டும்.